தண்ணீர் பில்

பட்டர்வொர்த்
ஞாயிறு

அன்பு மகளுக்கு,

தண்ணீர் பில் வந்தது. தீபாவளிக்கு நீ வந்து தங்கிய மாதத்துப் பில். பினாங்கில் தண்ணீர் மலிவு, காசுக்காகச் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை ராத்திரி, கம்ப்யூட்டரில் உன்னிடம் கவுன்சலிங்குக்கு வந்த கடைசி ஆள் பேசி முடித்ததும் பாத்ரூமுக்குப் போனாய். குழாய் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்து, "ஒன்னுமில்லப்பா, முகம் கழுவினேன்" என்றாய். சரி, முகம்தான் கழுவியிருப்பாய்.

சாப்பிட்டுவிட்டு லைனில் உட்கார். அம்மாவும் இதைத்தான் எழுதச் சொன்னாள்.

மாமாக் டீக்கடையில், "உம்ம மக கம்ப்யூட்டர்ல பேசியே சம்பாதிக்குதாமே" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். 1998-ல் வந்த சட்டப்படி, பதிவு பெறாமல் யாரும் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது, இது அரட்டை இல்லை என்று விளக்குவேன். உன் சான்றிதழின் நகலையே ஒருநாள் சட்டைப் பையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஆனால் ஊருக்கெல்லாம் ஐம்பது நிமிடம், அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல். மூன்று வாரம் ஆகிறது.

சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சொந்தக்காரர்களை நீ பார்க்கக்கூடாது என்று இன்னொருவர் பெயரைக் கொடுத்தாயே, அவரிடம் நான்கு வாரமாகப் பேசுகிறான். அவன் வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம். அதனால் என் காடியில்தான் நடக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, இயர்போன் மாட்டிக்கொண்டு, போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துக்கொள்கிறான். விழுந்து அடிபட்ட அந்தக் காலோடு படியேறி ஓர் ஆபீசுக்கு அவன் போயிருக்கவே மாட்டான். முதல் நாள் அந்தக் கவுன்சலர் அம்மா கேட்டாராம்: இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள், லைன் அறுந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடட்டும், அவசரம் என்றால் உங்கள் பக்கத்தில் யார்? முடிந்து இறங்கி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. இன்ஜின் சத்தம் இடைஞ்சலாம், ஏர்கான் போடவில்லை. "அண்ணன் பேரைத்தான் குடுத்தேன். டீ குடிக்கலாமா?" என்றான்.

எனக்கு டீ இறங்கவில்லை.

அவன் வழுக்கி விழவில்லை, பாப்பா. அப்போதெல்லாம் உயிரை விடப் பார்த்தவன் பிழைத்தால் அவன் மேலேயே கேஸ், ஒரு வருஷம் வரை ஜெயில். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் அந்த 309-ஆம் பிரிவை 2023-ல்தான் எடுத்தார்கள். போலீஸ் கேட்டபோது "கால் வழுக்கிவிட்டது" என்று சொன்னவன் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னேனே, அதுதான். அவனிடமே சொன்னேன், "வழுக்கினதுதானே, விடு" என்று. பிள்ளைகள் நீங்கள் "வழுக்கல் சித்தப்பா" என்று சிரித்தபோது நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஏன்டா அப்படிச் செய்தாய் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயம்.

அன்று ராத்திரியும் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூம் கதவு வரைக்கும் வந்தேன். தட்டவில்லை.

அதற்கு முன்னால் உன் அறைக்கு வெளியேயும் கொஞ்ச நேரம் நின்றேன், திட்டாதே. எதிர்ப் பக்கம் யார், என்ன விஷயம், ஒன்றும் தெரியாது. நீயும் வெகுநேரம் பேசவே இல்லை. லைன் போய்விட்டது போல என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்றாய். அந்தக் குரலை நீ எங்கே கற்றாய் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் இல்லை.

உங்களுக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர் உண்டு, மனசில் தங்கிப்போவதை அவரிடம் இறக்கி வைக்கலாம் என்று நீதான் சொன்னாய். போகிறாயா? வேலை அதிகம் என்று தள்ளிப்போடுகிறாயா? ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் எழுந்து நட. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

பக்கத்து வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை ரயிலில் கோலாலம்பூர் வருகிறான். முறுக்கு கொடுத்து அனுப்புகிறேன், டப்பாவைத் திருப்பி அனுப்பு, அம்மா கேட்பாள்.

பாத்ரூம் குழாயை மாற்றிவிட்டேன். பழசு ஊரைக் கூட்டும். புதுசு சத்தமே போடாது.

அப்பா