பங்கு எழுதப்படாத பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டு உரிமைத் தகராறு பற்றிய செய்திகள் எல்லாமே ‘கவிஞர் பெரியவரா, இசையமைப்பாளர் பெரியவரா’ என்ற பட்டிமன்றமாகவே எழுதப்படுகின்றன. ராயல்டிக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை தன்மானப் பிரச்சினையாகத் தெரிவதில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்று பாட்டு பிறந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய ஒரு தாளை எழுதாமல் விட்டதுதான் வினை.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒரு சொத்து. அதைப் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொன்று. முன்னது எழுதியவர்களிடமோ அவர்களிடமிருந்து வாங்கிய பதிப்பு நிறுவனத்திடமோ இருக்கும். பின்னது பெரும்பாலும் பதிவுக்குப் பணம் போட்டவரிடம். ‘பாட்டு உரிமையை விற்றுவிட்டார்’ என்று மொட்டையாக எழுதினால் எதை விற்றார் என்பது யாருக்கும் புரியாது. மேடையில் இன்னொருவர் அதே பாட்டைத் தன் குழுவோடு பாடினால் மாஸ்டர் உரிமையாளருக்கு அங்கே வேலையே இல்லை. வரிக்கும் மெட்டுக்கும்தான் லைசென்ஸ் வேண்டும்.

இனி அந்தத் தாள். தொழிலில் இதை ஸ்பிளிட் ஷீட் என்பார்கள். ஒரு பக்கம் போதும், வக்கீல்கூடத் தேவையில்லை. பாட்டின் தலைப்பு, மாற்றுத் தலைப்பு இருந்தால் அதுவும், தேதி. ஒவ்வொருவரின் சட்டப்படியான முழுப்பெயர், புனைபெயர், எழுதியது வரியா மெட்டா, சதவீதம், உறுப்பினராக உள்ள உரிமைச் சங்கம் (ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் அமைப்பு), ஐபிஐ எண் (எழுதியவரை அடையாளம் காட்டும் தனி எண்), கையெழுத்து. கூட்டினால் சரியாக 100 வரவேண்டும். மூன்று பேர் சமமாகப் பிரித்து ஆளுக்கு 33.33 என்று போட்டால் 99.99தான் வரும். ஒருவருக்கு 33.34 என்று எழுதிவிட வேண்டும். அற்ப விஷயம்தான், ஆனால் கணினிக்கு அது தெரியாதே. வேறொரு பாட்டின் ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை, அதாவது சாம்பிள், எடுத்திருந்தால் அதையும் தாளில் குறிக்க வேண்டும்; அதற்கு மாஸ்டருக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று என இரண்டு அனுமதிகள் தேவை.

தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் தன் சங்கத்தில் 50 என்று பதிகிறார், இன்னொருவர் 60 என்கிறார். மொத்தம் 110. தகராறு தீரும்வரை சங்கம் பணத்தை நிறுத்திவைக்கும். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும், இருவர் கைக்கும் ஒன்றும் வராது. யாருமே பதியாத பங்கு வேறு விதமாகப் போகும்: உரியவர் தெரியாத தொகையாகக் கிடந்து, குறித்த காலம் கடந்ததும் பல இடங்களில் மற்ற உறுப்பினர்களுக்கே பிரிக்கப்பட்டுவிடும். பெயரை ஆங்கிலத்தில் ஒருமுறை ஒற்றை ‘ஏ’ போட்டும் மறுமுறை இரட்டை ‘ஏ’ போட்டும், இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றியும் எழுதுவதாலேயே எத்தனையோ பதிவுகள் பொருந்தாமல் நிற்கின்றன. ஐபிஐ எண் இருப்பதே இதற்காகத்தான். ஸ்ட்ரீமிங் ராயல்டியை எழுதியவர்களுக்குப் பிரித்துத் தர அமெரிக்காவில் 2021-ல் செயல்படத் தொடங்கிய மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் என்ற அமைப்பிடம், இப்படி ஆள் தெரியாமல் தேங்கிய பணம் என்று ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் ஒப்படைத்தது சுமார் 42.4 கோடி டாலர்.

இளம் கலைஞர்கள் பலர் விநியோக நிறுவனம் வழியாக ஸ்ட்ரீமிங் தளங்களில் பாட்டை ஏற்றிவிட்டாலே பதிவு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கே கிடைப்பது 12 எழுத்து-இலக்கங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண். அது மாஸ்டருக்கு மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் ‘டி’ என்று தொடங்கும் ஐஎஸ்டபிள்யூசி எண், சங்கத்தில் படைப்பைப் பதிந்தால்தான் வரும். இரண்டு எண்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டால்தான் ஸ்ட்ரீமிங் கணக்கு எழுதியவரைத் தேடி வரும்.

யார் ‘எழுதியவர்’ என்பதுதான் உண்மையிலேயே சிக்கலான இடம். சொன்னதை வாசித்த கலைஞருக்குச் சம்பளம்; பாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஓர் இசைத் துணுக்கைத் தானே உருவாக்கியவருக்கு? பிரிட்டனின் புரோகோல் ஹாரம் குழு 1967-ல் வெளியிட்ட ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாடலின் ஆர்கன் இசைக்காக, அதை வாசித்த மேத்யூ ஃபிஷர் 2005-ல் வழக்குப் போட்டார். மெட்டின் உரிமையில் அவருக்கு 40 சதவீதம் என்று 2006-ல் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் சறுக்கி, 2009-ல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் நிலைத்தது. ஆனால் வழக்குப் போடுவதற்கு முந்தைய 38 வருட வருமானம் அவருக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சட்டத்திலோ, ஒப்பந்தம் இல்லாவிட்டால் இணை ஆசிரியர்களுக்குச் சமபங்கு என்பதே தொடக்கப் புள்ளி. நாலு வரி திருத்தியவர் இணை ஆசிரியர் என்று நிரூபித்துவிட்டால் பாதிக்கு உரிமை கோரலாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் எழுதி வைக்காதவர் புலம்பிப் பயனில்லை.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரைப்பாடல்களில், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளின் ராயல்டியில் கவிஞரும் இசையமைப்பாளரும் பாட்டை வாங்கியவரோடு சமபங்கு பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. ‘எல்லா உரிமைகளும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது. அப்படியிருந்தும் சங்கத்தில் சேராதவருக்கும், பாட்டைப் பதியாதவருக்கும் அந்தப் பணம் எந்த வழியில் வந்து சேரும்?

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தகராறுச் செய்தியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சண்டை மெட்டுக்கா மாஸ்டருக்கா, கையெழுத்தான பங்குத் தாள் உண்டா, சங்கப் பதிவில் யார் பெயரில் எத்தனை சதவீதம் இருக்கிறது. மூன்றாவதுக்குப் பதில் பல சங்கங்களின் இணையத் தேடலிலேயே கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
இசை உரிமைக் கணக்குப் பணியில் உள்ள ஒரு வாசகர்