தொப்பை உள்ளவர் சோம்பேறி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் பருமன் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாவற்றுக்கும் சோம்பல்தான் காரணம் என்பதுபோல் எழுதியிருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. கும்பகோணத்தில் 31 வருஷமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க பஸ்ஸில் நின்றே வேலை பார்க்கும் கண்டக்டர் ஒருவர், ஒவ்வொரு தீபாவளிக்கும் பேன்ட் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி வருகிறார். டேப்பைச் சுற்றினால் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே பிடித்துக்கொள்வார். "விடுங்க சார்" என்பேன். விட்டுவிட்டுத் தரையைப் பார்ப்பார். அவரா சோம்பேறி?

என் மகள் விலங்கியல் முதுநிலை படித்தவள். "கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லப்பா, மூளையோட பேசிக்கிட்டே இருக்கு" என்றாள். கொழுப்பிலிருந்து 'இருப்பு போதும்' என்று மூளைக்குப் போகும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-இல் கண்டுபிடித்தார்களாம். மூளை பதிலுக்கு நரம்பு வழியாக, 'கரை' என்று சொல்லும் நாரட்ரினலின் என்ற ரசாயனத்தைக் கொழுப்புக்கு அனுப்பும். கொழுப்பு கரையும். உடம்பு பருத்தால், கிருமியை விழுங்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்கள் கொழுப்புக்குள் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு வகை அந்த நரம்புகளையே ஒட்டிக்கொண்டு, வருகிற நாரட்ரினலினை உறிஞ்சி அழித்துவிடுவதை 2017-இல் எலிகளில் கண்டிருக்கிறார்கள். 'கரை' என்று வரும் தபாலை வழியிலேயே வாங்கிக் கிழித்துப்போடுகிற மாதிரி. உறிஞ்சும் வழியை அடைத்ததும் பருத்த எலிகள் இளைத்தனவாம். அப்புறம், இந்தச் செல்கள் கூடுவதால் கொழுப்பில் உண்டாகும் அழற்சி, அதாவது உள்ளுக்குள் இருக்கும் புண் மாதிரியான எரிச்சல், இன்சுலினையும் சரியாக வேலை செய்யவிடாது. பருத்தவர்களுக்குச் சர்க்கரை வர அதுவும் ஒரு காரணம்.

நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இவ்வளவு நடக்கும்போது ஆளைத் திட்டி என்ன பயன்?

இன்னொன்று, எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்கிறார்கள். 90 என்றால் என் டேப்பில் முப்பத்தைந்தரை இன்ச். பலர் பேன்ட் அளவைச் சொல்லி நிம்மதியாக இருக்கிறார்கள். பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. அங்கே 34 உள்ளவருக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே வைத்தால் 38 வருகிறது. கை, கால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இதைப் பார்க்கிறேன். எடை மெஷினில் இது தெரியாது.

எங்கே டேப் வைக்க வேண்டும் என்பதைத் தாங்கள் படத்தோடு வெளியிட வேண்டும். வீடு தேடி வந்து பி.பி., சுகர் பார்க்கும் பணியாளர்கள் கையிலும் ஒரு இன்ச் டேப் இருக்க அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். என் கடைக்கு யார் வந்தாலும் காசு வாங்காமல் அளந்து, சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
கும்பகோணம்.