என்கிட்ட ஓகே கேட்ட பாப்பாவுக்கு

பாப்பா,

நேத்து நைட்டு போன்ல எடை குறைக்கிற ஆபரேஷன் பத்தி பேசறப்ப "நீ ஓகே சொல்லிட்டா நான் டேட் ஃபிக்ஸ் பண்ணிருவேன்மா"ன்னு சொன்னியே, எனக்கு பதிலே வரல. சிக்னல் போச்சுன்னு சொல்லி வச்சுட்டேன், அது பொய். பெருமாள்மலையில நேத்து மழையும் இல்ல, மூட்டமும் இல்ல. சொல்ல வந்தது வாயில வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன். வீட்டுக்கு போய் நிதானமா படி.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் வேணாம்னு சொல்ல வரல. 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 104 கிலோன்னா உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற அந்த பிஎம்ஐ கணக்கு 41க்கு மேல, டாக்டருங்க ஆபரேஷன் பத்தி பேசுற அளவுதான் அது. உன் முட்டி வலி, சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓடி), சுகர் எல்லையில வந்து நிக்கிறது எல்லாம் எனக்கு தெரியும். சோத்த குறைடி, நடடின்னு பதினஞ்சு வருஷமா நான் சொன்னதுல நீ அழுததுதான் மிச்சம். எடை குறைய ஆரம்பிச்சாலே உடம்பு பசியக் கூட்டி பழைய எடைக்கே இழுக்கும், அது சோம்பேறித்தனம் இல்ல, இது தெரிஞ்ச நர்ஸ் நானே சொந்தக்காரங்க முன்னாடி உன்ன அப்படி பேசிருக்கேன். அது தப்பு. ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா ஆளுங்கள பின்தொடர்ந்து பாத்தாங்க, 2007ல வந்த முடிவுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல சாவு கம்மியாத்தான் இருந்துச்சு. அதனால பயந்துக்கிட்டு தடுக்கிறேன்னு நெனைக்காத.

நான் ஓகே சொல்லாததுக்கு காரணம் வேற.

28 வருஷ சர்வீஸ்ல நான் எத்தன சம்மதக் கையெழுத்து வாங்கிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி கேஸ் ஷீட்ட தூக்கிட்டு போய் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்கம்மா, ஒண்ணும் பயமில்ல"ன்னு சொல்றதுதான் வேலை. படிச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டா எனக்கு எரிச்சல் வரும், இன்னும் ஆறு பெட் பாக்கணுமே. கடைசியா நான் வேலை பாத்த, மலைக்குக் கீழ உள்ள ஆஸ்பத்திரில ஒரு அம்மா இதே எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு வந்தாங்க. நம்ம தாண்டிக்குடி பக்கம், காபி தோட்டத்து வேலை. கையெழுத்து போடறப்ப "சிஸ்டர், அப்பறம் நல்லா சாப்பிடலாம்ல"ன்னு கேட்டாங்க, நான் சாப்பிடலாம்மான்னு சொல்லிட்டு ஃபைல மூடிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்காரர் தூக்கிட்டுதான் வந்தாரு. மூணு வாரமா எது சாப்பிட்டாலும் வாந்தி, ஆபரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும்னு வீட்லயே இருந்துட்டாங்க, வைட்டமின் பி1 சுத்தமா இறங்கி கால் நிக்கல. ஊசி போட்டு தேத்துனாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் கம்பு ஊனித்தான் நடந்தாங்க. வாந்தி நிக்கலைன்னா உடனே வாங்கன்னு ஒரு வார்த்தை, அத சொல்ல எனக்கு நேரம் இருந்துச்சு பாப்பா.

இன்னொண்ணு, 2008ல சுப்ரீம் கோர்ட்ல ஒரு தீர்ப்பு வந்துச்சு. டெஸ்ட் பண்றோம்னு ஒரு பொண்ணுக்கு மயக்கம் கொடுத்துட்டு, அவங்க மயக்கத்துல கிடக்கறப்ப வெளிய நின்ன அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. மேஜரான, சுயநினைவோட முடிவெடுக்கக்கூடிய பொண்ணுக்கு பதிலா அம்மா கொடுத்த சம்மதம் செல்லாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. அப்ப என் ஓகே உனக்கு எதுக்கு? மாப்பிள்ளை ஓகேவும் அப்படித்தான், அவரு நல்ல மனுஷன், ஆனா வயிறு உன்னுது.

நீ ஸ்லீவ்னு சொன்ன. அதுல இரைப்பைல முக்கால்வாசிக்கும் மேல வெட்டி வெளிய எடுத்துருவாங்க, மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாதான் இருக்கும், எடுத்தத திருப்பி வைக்க முடியாது. உனக்கு காலேஜ்ல இருந்தே நெஞ்செரிச்சல், காலைல மாத்திரை போடாம இருக்க மாட்ட. ஸ்லீவ் பண்ணா அது அதிகமாகலாம், அத டாக்டர்கிட்ட சொன்னியா? எண்டோஸ்கோப்பி பாத்தாங்களா? இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ்ல நெஞ்செரிச்சல் பொதுவா அடங்கும், ஆனா அதுல முட்டை அளவு பை ஒண்ணு வச்சு நேரா குடல்ல சேத்துருவாங்க, சத்து ஏறறது குறையும், இனிப்பு தின்னா படபடன்னு வேர்த்து மயக்கம் வரலாம், தலைவலிக்கு நீ போடற வலி மாத்திரைய அதுக்கப்பறம் தொடக்கூடாது, புண்ணு வந்துரும். எத பண்ணாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும், ரத்த டெஸ்டும் ஆயுசுக்கும். நீ சொன்ன பேக்கேஜ்ல இதெல்லாம் இருக்கான்னு கேளு, டயட்டீஷியன் எத்தன மாசத்துக்கு, நைட்டு ரெண்டு மணிக்கு வயிறு வலிச்சா யாருக்கு போன் பண்றதுன்னு கேளு. "இந்த மாசத்துக்குள்ள புக் பண்ணா தள்ளுபடி"ன்னு சொன்னாங்கன்னியே, அத கேட்டப்ப எனக்கு அப்படி கோவம் வந்துச்சு. இது என்ன ஆடித் தள்ளுபடில எடுக்கற சேலையா.

குழந்தை விஷயம் நீ ஒரு வார்த்தை பேசல, ஆனா அதுக்காகத்தான் நீ அவசரப்படறன்னு எனக்கு புரியுது. ஆபரேஷனுக்கு அப்பறம் ஒன்னு, ஒன்றரை வருஷம் உண்டாகக்கூடாதுன்னுதான் சொல்லுவாங்க, ஆனா எடை குறையறப்ப பிசிஓடி உள்ளவங்களுக்கு பீரியட்ஸ் ஒழுங்காகி எதிர்பாக்காம உண்டாயிரலாம். பைபாஸ்னா கருத்தடை மாத்திரைய நம்ப முடியாது, வேற என்ன வழின்னு லேடி டாக்டர்ட்ட இப்பவே பேசிரு. இத மாப்பிள்ளையும் கூட உக்காந்து கேக்கட்டும், அப்பதான் அத்தை வருஷப் பொறப்புக்கு கேள்வி கேட்டா அவரு பதில் சொல்லுவாரு.

எடைக்கணக்கு, அதுலயும் ஏமாறாத. ஒன்றரை ரெண்டு வருஷத்துல மொத்த எடைல கால்வாசி, இல்ல கொஞ்சம் கூட குறையும், அப்ப நீ 75 கிட்ட வருவ. கல்யாண ஆல்பத்துல இருக்க பழைய நீ வரமாட்ட, அப்பறம் கொஞ்சம் ஏறவும் செய்யும். 75 போதும்னு உனக்கு தோணுதான்னு பாரு, போதும்னா நல்லது. நல்ல கைல உயிர் ஆபத்து ஆயிரத்துல ஒருத்தருக்குங்கற அளவுதான், ஆனா தையல் கசியறது நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், பல்ஸ் 120 தாண்டினா, காய்ச்சல் அடிச்சா, மூச்சு வாங்கினா காலைல பாத்துக்கலாம்னு படுக்கக்கூடாது. 2025ல இந்தியாவுக்கு வந்த, வாரத்துக்கு ஒண்ணு போடற அந்த எடை குறைக்கிற ஊசிங்கள பத்தியும் கேளு, நிறுத்துனா எடை திரும்பும்ங்கறாங்க, இருந்தாலும் இருக்கற வழி எல்லாம் தெரிஞ்சுட்டு முடிவு பண்ணு.

ஆபரேஷனுக்கு அப்பறம் சோறும் தண்ணியும் சேத்து போகாது, முன்னபின்ன அரைமணி நேரம் விடணும். நீ ரசத்த குடிச்சுக்கிட்டே சாப்பிடற ஆளு. அத நெனச்சு எனக்கு நேத்து தூக்கம் வரல, சின்ன விஷயம்தான்.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. உன் வயித்துல என்ன பண்ணப் போறாங்க, ஏன் அது, என்ன ஆகலாம், வேற என்ன வழி இருக்குன்னு நீயே உன் வாயால எனக்கு சொல்லு, பேப்பர பாக்காம. எங்க திக்குறியோ அந்தக் கேள்விய எழுதிட்டு போய் டாக்டர்ட்ட கேளு. பூராம் தடங்கலில்லாம சொல்லிட்டன்னா நீ எந்த டேட் சொல்றியோ அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வத்தலக்குண்டு பஸ் ஏறிருவேன், ஒரு மாசம் இருந்து கஞ்சி வடிகட்டித் தர்றேன். வேணாம்மா, தள்ளிப் போடறேன்னு சொன்னாலும் வருவேன். பூம்பாறை பூண்டு ரெண்டு கிலோ வாங்கி வச்சிருக்கேன், மாப்பிள்ளைக்கு ஊறுகாய் போடணும்.

அம்மா