செயலாளர் ஆண்டறிக்கை: தோட்டப்புற விபத்து முதலுதவி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால், சுங்கை பாக்காப் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் நாம் நடத்திவரும் முதலுதவிப் பயிற்சியைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் தொடையில் இறங்கிப் பெரிய இரத்த நாளம் அறுந்தால் 5 நிமிடத்துக்குள் உயிர் போகலாம். செம்மண் பாதையில் ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்பவர் கைதான் முதல் மருத்துவம்.

பயிற்சியில் டூர்னிக்கெட்டுக்கே, அதாவது இரத்தத்தை நிறுத்தக் கை கால்களில் இறுக்கிக் கட்டும் பட்டைக்கே, அதிக நேரம் ஒதுக்கினோம். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே கட்டவேண்டும், முட்டியின் மீதோ முழங்கையின் மீதோ கட்டக்கூடாது. கால்சட்டைப் பையில் கைப்பேசி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பலரும் தவறுவது அடுத்த படியில். பட்டையைத் தொளதொளவென்று விட்டுவிட்டுக் அதை இறுக்குவதற்கென அதிலேயே உள்ள கம்பியை முறுக்குகிறார்கள். எத்தனை சுற்று சுற்றினாலும் இரத்தம் நிற்பதில்லை. விரல் நுழையாதபடி பட்டையை முதலில் இழுத்து இறுக்கிவிட்டு, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலியில் அலறுவார், இளகவிடாதீர்கள். நிற்கவில்லையென்றால் அதற்கு மேலே இன்னொன்று. அதனால்தான் ஒவ்வொரு முதலுதவிப் பையிலும் இரண்டு வைத்திருக்கிறோம். மலிவான போலிகளில் பிளாஸ்டிக் கம்பி முறுக்கும்போதே ஒடிகிறது, அவற்றை வாங்கவேண்டாம். பயிற்சிக்குப் பயன்படுத்தியதையும் பையில் திருப்பி வைக்காதீர்கள்.

தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பு, அக்குள் போன்ற இடங்களில் கட்ட முடியாது. காஸ் துணியைக் காயத்தின் ஆழம்வரை திணித்து, இரு கைகளாலும் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்பும் பழக்கம் தொழிலாளர் குடியிருப்பு லயங்களில் இன்னும் போகவில்லை. இரத்தத்தை அது நிறுத்தாது, காயத்தைக் கழுவும் வேலையைத்தான் கூட்டும். குத்தி நிற்கும் அரிவாளைப் பிடுங்காதீர்கள். துண்டான விரலை ஈரக் காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது.

நேரம் எழுதுவதை இவ்வாண்டு கட்டாயமாக்கினோம். காயம்பட்ட நேரம், கட்டிய நேரம் இரண்டும் நெற்றியிலோ பட்டையிலோ இருக்கவேண்டும். கட்டு 2 மணி நேரம் தாண்டினால் தசைக்கு ஆபத்து. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தையும் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும்; மருத்துவர் முதலில் கேட்பது இந்த நேரத்தைத்தான். வெயிலடித்தாலும் போர்வை போர்த்துங்கள். உடல் குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது.

வெட்டுவோரில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். பையின் மேல் எழுத்தைக் குறைத்துப் படங்களை ஒட்டியிருக்கிறோம். அவசர எண் 999ஐ அழைப்பவர் தோட்டத்தின் பெயரோடு பிளாக் எண்ணையும், எந்த வாசல் என்பதையும் சொல்லவேண்டும். ஒருவர் சாலைச் சந்திப்புக்குப் போய் நிற்கவேண்டும்.

இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். பை அலுவலகத்தில் பூட்டிக் கிடக்காமல் குலை ஏற்றும் டிராக்டரிலேயே செல்லவேண்டும். தோட்டத்துப் பின்வாசல் சாவியின் நகல் ஒன்று வேலை நேரம் முழுவதும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் இருக்கவேண்டும். தோட்ட நிர்வாகங்களுக்கு இதை எழுத்துப்பூர்வமாக அனுப்பப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்