புது ஹெலி இடப்பக்கம் நழுவுவது பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடை விற்கும் ஹெலிகளைப் பற்றி, அதாவது ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஹெலிகாப்டர்களைப் பற்றி, "அந்தக் கடையில் வாங்கின ஹெலி தரையை விட்டு எழும்பியதுமே இடப்பக்கம் ஓடுகிறது, விழுந்ததைச் சரிபண்ணிப் புதுசு என்று தலையில் கட்டுகிறார்கள்" என்று ஒரு பேச்சு கொஞ்ச நாளாகச் சுற்றி வருகிறது. நேரில் வந்து கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டோம். கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். விழுந்த ஹெலியை நாங்கள் ஒருநாளும் புதுசு என்று விற்றதில்லை. பல வருடங்களாக எங்களிடம் வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் பேச்சு என்று ஒன்று வந்துவிட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஹெலி இடப்பக்கம் நழுவுவது உண்மைதான். ஆனால் அது பழுது இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் விற்கும் ஒற்றை ரோட்டார் மாடல்களில், மேலிருந்து பார்த்தால் பெரிய ரோட்டார் (மேலே சுழலும் விசிறி) கடிகார முள் போகும் திசையில் சுற்றும். அது அப்படிச் சுற்றும்போது ஹெலியின் உடம்பு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். மூக்கு இடது பக்கம் போகும், வால் வலது பக்கம் போகும். அதைத் தடுக்கத்தான் வாலில் சின்ன ரோட்டார் இருக்கிறது. அது வாலை இடது பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால் மூக்கு நேராக நிற்கிறது. ஆனால் அந்தத் தள்ளல் வாலோடு முடிந்துவிடுவதில்லை. முழு ஹெலியையும் சேர்த்து இடப்பக்கம் கொண்டுபோகும். ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் பெரிய ரோட்டார் சற்றே வலப்பக்கம் சாய்ந்து அதை ஈடுகட்ட வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் காற்றில்லாத இடத்தில் ஹோவர் செய்யும்போது (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தும்போது) பின்னால் நின்று பாருங்கள். வலது ஸ்கிட் (ஹெலியின் கால் கம்பி) இடதை விடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ஆள் ஏறிப் பறக்கும் ஹெலிகாப்டர்களிலும் இப்படித்தான். ரோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிற வகைகளில் மட்டும் இடது ஸ்கிட் தாழும்.

இந்தப் புகார் சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பு கோஆக்சியல் ஹெலி ஓட்டிப் பழகியவர்கள். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்றின் முறுக்கை இன்னொன்று சமன்செய்துவிடுவதால் பக்கவாட்டில் தள்ளும் வால் ரோட்டாரே தேவைப்படாது. டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடித்து ஓட்டும் ரிமோட்டில்) உள்ள குச்சியை விட்டால் அப்படியே நிற்கும். அதிலிருந்து இதற்கு வருகிறவர்களுக்குப் புது ஹெலி கோளாறாகத் தோன்றுவது இயல்பு. அவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. விழுந்த சாமான் என்று சொன்னதுதான் வலிக்கிறது.

தானாக நிமிரும் முறையில் ஓட்டும்போது இந்த நழுவல் இன்னும் கண்ணில் படும். அந்த முறையில் குச்சியை விட்டதும் கன்ட்ரோலர் (ஹெலிக்குள் இருந்து அதைச் சமன்செய்யும் மின்கருவி) ஹெலியைத் தரைக்கு நேர்மட்டமாக நிறுத்துகிறது. நேர்மட்டமாக நின்றால் இடப்பக்கம் போகத்தான் செய்யும். சில கன்ட்ரோலர்களில் அந்த மட்டத்தையே கொஞ்சம் வலப்பக்கம் திருத்தி வைக்க வழி உண்டு. கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். இல்லையென்றால் குச்சியைத் துளி வலப்பக்கம் பிடித்தே ஓட்ட வேண்டும். கொஞ்சம் பழகினால் கை தானாகப் போகும்.

ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த ஹெலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபிளைபார் (ரோட்டாரை நிலையாக வைக்கும் எடைக் கம்பி) இல்லாத 450 அளவு வகை. எழும்புவதற்கு முன்பே வலப்பக்கம் கவிழ்ந்துவிடுகிறது என்றார். டிரான்ஸ்மிட்டரை வாங்கிப் பார்த்தால் ஏலரான் டிரிம் (பக்கவாட்டுச் சாய்வைத் திருத்தும் பொத்தான்) வலது ஓரம் வரை தள்ளப்பட்டிருந்தது. பேட்டரியை இணைத்து மேசைமேல் வைத்தோம். யாரும் குச்சியைத் தொடவில்லை, ஆனாலும் ஸ்வாஷ்பிளேட் (ரோட்டாரைச் சாய்க்கும் தட்டு) மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. ஃபிளைபார் இல்லாத ஹெலியில் கன்ட்ரோலர் அந்த டிரிமை "வலப்பக்கம் உருண்டுகொண்டே இரு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். தரையில் நிற்பதால் ஹெலி உருளவில்லை, அதனால் கன்ட்ரோலர் இன்னும் இன்னும் சாய்க்கும். டிரிமை நடுவுக்குக் கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது. ஆகவே இந்த வகை ஹெலிக்கு டிரான்ஸ்மிட்டரில் டிரிம் போடவே போடாதீர்கள். திருத்த வேண்டியதை கன்ட்ரோலருக்குள்தான் திருத்த வேண்டும்.

இவ்வளவு நாளும் பெட்டியைப் பிரித்து, மேசையில் வைத்துச் சரிபார்த்து, ஒருமுறை ஹோவர் செய்து காட்டிக் கொடுத்தவர் எங்கள் பட்டறைத் தம்பி. அவருடைய கைப்பக்குவம் உங்களுக்கே தெரியும். சொந்தமாகத் தொழில் தொடங்கப் போயிருக்கிறார். நல்லபடியாக வரட்டும். அவர் இடத்துக்கு ஆள் அமையும்வரை பெட்டிகள் பிரிக்கப்படாமல் அப்படியே உங்களிடம் வரும். அதனால் அவர் பார்த்துவந்த வேலைகளில் முக்கியமானவற்றை இங்கே எழுதி வைக்கிறோம். பொறுமை இருந்தால் யாரும் செய்துவிடலாம்.

முதலில் பெரிய பிளேடுகளைக் கழற்றிவிடுங்கள், அல்லது மோட்டாருக்குப் போகும் வயர்களைப் பிரித்துவிடுங்கள். இதில் சோம்பல் வேண்டாம். 450 வகையில் பிளேடு 325 மில்லிமீட்டர் நீளம், முழு வட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2500 சுற்று என்றால் பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வீட்டுக்குள் சோதிக்கும்போது தவறுதலாகத் திராட்டில் (மோட்டார் வேகம்) ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் போடுங்கள், பிறகு ஹெலி. கைரோ (ஹெலி திரும்புவதை உணரும் சென்சார்) தயாராகும்வரை ஹெலியை அசைக்காதீர்கள்.

திராட்டில் குச்சியை நடுவில் வைத்துவிட்டு சர்வோக்களைப் (ஸ்வாஷ்பிளேட்டை அசைக்கும் சின்ன மோட்டார்களை) பாருங்கள். சர்வோவின் கையும் அதிலிருந்து ஏறும் கம்பியும் செங்கோணத்தில் சேர வேண்டும். சர்வோ தண்டின் பல்லில் கை ஒரு பல் தள்ளி நின்றால், அதைக் கழற்றி முடிந்தவரை நெருக்கமாக மாட்டி, மீதியை கன்ட்ரோலரில் உள்ள சப்டிரிமில் (சர்வோவின் நடுநிலையைத் திருத்தும் அமைப்பில்) சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு ஸ்வாஷ்பிளேட் எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கம்பிகளின் நீளத்தைக் கூட்டிக் குறையுங்கள். இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். பிட்ச் (பிளேடின் கோணம்) பார்க்க மட்டும், மோட்டார் வயர்களைப் பிரித்துவிட்டு பிளேடை மாட்டி, அதில் பிட்ச் அளவியை வைத்துப் பாருங்கள். ஹோவருக்கு 5, 6 டிகிரி கிடைத்தால் போதும். கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கீழ்ப்பக்கம் (மைனஸ் கோணம்) 2, 3 டிகிரிக்கு மேல் வேண்டியதில்லை. அதிகம் வைத்தால் பதற்றத்தில் குச்சியை இழுத்ததும் ஹெலி தரையில் அறைந்து இறங்கும்.

அடுத்தது வால். எல்லாவற்றிலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வலது ரடர் (மூக்கை வலப்பக்கம் திருப்பும் கட்டளை) கொடுத்து வால் சர்வோ எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு குச்சியை விட்டுவிட்டு, கையால் மூக்கைச் சட்டென்று இடது பக்கம் திருப்புங்கள். வால் சர்வோ அதே பக்கம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் கைரோவின் திசை தலைகீழாக இருக்கிறது என்று பொருள். அப்படியே பறக்கவிட்டால் எழும்பும்போதே பம்பரமாகச் சுழலும், எந்தக் கையாலும் நிறுத்த முடியாது. அதை கன்ட்ரோலரில் கைரோ திசையை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் ரடரைத் திருப்பிப் போட்டால் குச்சி சரியாகிவிட்டதுபோல் தோன்றும், கைரோ தவறாகவே இருக்கும். கெயின் (கைரோ எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்பது) அளவு பறக்கும்போதுதான் தெரியும். வால் படபடவென்று ஆடினால் அதிகம். பிடிமானமில்லாமல் மெல்ல விலகினால் குறைவு.

பிளேடுகளைத் திரும்ப மாட்டியதும் டிராக்கிங் (இரண்டு பிளேடும் ஒரே உயரத்தில் சுற்றுகிறதா என்று) பாருங்கள். ஒரு பிளேடின் நுனியில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு, ஹோவர் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே சுற்றவிட்டு, நன்றாகத் தள்ளி நின்று, குனிந்து வட்டத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. இரண்டு கோடாகத் தெரிந்தால், தாழ்ந்து சுற்றுகிற பிளேடின் கோணம் கூடும்படி அதன் இணைப்பு முனையை ஒரு சுற்று திருகிவிட்டு மறுபடி பாருங்கள். நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். மோட்டாரின் சின்னப் பல்சக்கரமும் பெரிய பல்சக்கரமும் இறுகிப் பிடிக்காமல், மெல்லிய காகிதத் துண்டு அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். பேட்டரியை முன்பின் நகர்த்தி, ரோட்டார் தலையைப் பிடித்துத் தூக்கினால் மூக்கும் வாலும் சமமாக நிற்கும்படி வையுங்கள். லிப்போ பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. சும்மா வைக்கும்போது 3.8 வோல்ட் போதும். உப்பியதைத் திரும்ப சார்ஜ் போடாதீர்கள்.

முதல்நாள் கணுக்கால் உயரத்தில் ஓட்டினால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். ரோட்டார் வட்டத்தின் அகலத்துக்குள் தரை இருந்தால் ஹெலி தான் தள்ளும் காற்றின்மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். நழுவுகிறது என்ற புகாரில் ஒரு பங்கு இதனாலும் வருகிறது. கவிழாமல் இருக்க ஸ்கிட்டில் பயிற்சிக் கம்பிகளைப் பந்துகளோடு மாட்டி, வால் உங்களைப் பார்க்கும்படி வைத்து, தயங்காமல் அந்த அகலத்தைவிட உயரமாகக் கொண்டுபோங்கள்.

இந்தப் பேச்சு கிளம்பியபோது, பறக்கவிடும் இடத்தில் நாங்கள் இல்லாத நேரத்திலும் எங்களுக்காக எழுந்து பேசினவர்களை மறக்க மாட்டோம். தன் பழைய ஹெலியைக் கொண்டுவந்து புதியவர்களுக்கு ஹோவர் செய்து காட்டி, வலது ஸ்கிட் தாழ்வதைக் கண்முன்னே நிரூபித்த அண்ணனுக்கும், கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளோடு சலிக்காமல் நிற்கிற அக்காவுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் இந்தத் தொழிலைத் தொடர்ந்து நடத்த முடிகிறது.

சந்தேகம் இருந்தால் தயங்காமல் வாருங்கள். வரும்போது ஹெலியை மட்டும் கொண்டுவந்தால் பாதிதான் பார்க்க முடியும். டிரான்ஸ்மிட்டரையும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், டிரிமை இருந்தபடியே விட்டுவையுங்கள்.

என்றும் அன்புடன்,
கடை உரிமையாளர்