கொக்கோடா போகிறவனுக்கு

அன்புள்ள கண்ணனுக்கு,

அப்பா எழுதுவது. ஆபீஸ் நண்பர்களோடு பாப்புவா நியூ கினியாவில் கொக்கோடா பாதையில் நடக்கப் போவதாகச் சொன்னாய். சரி, போய் வா. 96 கிலோமீட்டர் மலையும் சேறும் உன் கால்களின் பாடு. ஆனால் மெல்போர்னில் இருந்துகொண்டு, இரண்டாம் உலகப் போரில் அங்கே ஜப்பானியரை எதிர்த்து நின்ற ஆஸ்திரேலியப் படையின் 39-வது பட்டாலியனைப் பற்றித் தெரியாமல் போகக் கூடாது. அவர்கள் உங்கள் விக்டோரியா மாநிலத்துப் பையன்கள்.

பலருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான். 1942 ஜனவரியில் தென்கரையில் இருக்கும் போர்ட் மோர்ஸ்பியில் இறங்கினார்கள். சரக்கு இறக்கவும் குழி வெட்டவும் விட்டார்களே தவிர, காட்டுச் சண்டைக்கு யாரும் பழக்கவில்லை. வெளிநாட்டில் போரிட்டு வந்த பட்டாளத்தார் இவர்களைச் 'சாக்லேட் சிப்பாய்', சண்டைச் சூட்டில் உருகிவிடுவார்கள் என்று கேலி செய்தார்கள். பச்சைக் காட்டுக்குள் காக்கிச் சட்டையோடு அனுப்பிய மேலதிகாரிகளை என்னவென்று சொல்வது!

ஜூலை 21 அன்று ஜப்பானியர் வடகரையில் இறங்கினார்கள். கொக்கோடா ஊரில் நடந்த சண்டையில் பட்டாலியனின் தளபதி ஓவன் இறந்துபோனார். ஆகஸ்ட் நடுவில் ரால்ஃப் ஹானர் பொறுப்பேற்க வந்தபோது, பாதையிலுள்ள இசுராவா கிராமத்தில் மிச்சமிருந்தவர்கள் பசியிலும் வயிற்றுப்போக்கிலும் துவண்டு கிடந்தார்கள். பதுங்குகுழி தோண்டச் சரியான மண்வெட்டிகூட இல்லை. துப்பாக்கிக் கத்தியாலும் இரும்புத் தொப்பியாலும் கிளறியிருக்கிறார்கள்.

அங்கிருந்து காயம்பட்டவர்கள், நோயாளிகள் என்று 30 பேரைப் பின்னால் அனுப்பினார்கள். பட்டாலியன் மாட்டிக்கொண்டது என்று வழியில் தெரிந்ததும் 27 பேர் திரும்பி மலையேறிவிட்டார்கள். வராத மூவரில் ஒருவருக்குப் பாதம் போய்விட்டது, இன்னொருவருக்குத் தொண்டையில் குண்டு.

துணைப்படை வந்தும் இசுராவாவை விட்டுப் பின்வாங்கத்தான் நேர்ந்தது. அதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இவர்கள் நாளுக்கு நாள் தாமதப்படுத்தியதில் ஜப்பானியருக்குக் கொண்டுவந்த அரிசி தீர்ந்துபோனது. போர்ட் மோர்ஸ்பி அவர்கள் கைக்கு எட்டவே இல்லை.

காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து அந்தச் சரிவுகளில் இறக்கியவர்கள் பாப்புவா ஊர்க்காரர்கள். பலரை வலுக்கட்டாயமாகத்தான் வேலைக்குச் சேர்த்தார்கள். உன் மூட்டையைத் தூக்கப்போகிறவர் அவர்களில் ஒருவரின் பேரனாக இருக்கலாம். கூலியில் பேரம் பேசாதே.

அப்புறம் வடகரையில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த கோனா. டிசம்பர் 9-ம் தேதி அதைப் பிடித்ததிலும் 39-வது இருந்தது. 1943 ஜனவரியில் களத்தை விட்டு வரும்போது நிற்கும் நிலையில் இருந்தவர்கள் 32 பேர். அதே வருஷம் ஜூலையில் பட்டாலியனையே கலைத்துவிட்டார்கள்.

அந்தக் காட்டில் குண்டை விடக் காய்ச்சல்தான் அதிகம் பேரைச் சாய்த்தது. மலேரியா மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு ஆரம்பித்துவிடு.

அன்புடன்,
அப்பா