ச்சாங்குக்காக வந்து உட்கார்ந்தவர்களுக்கு

சென்னை
10 அக்டோபர் 2023

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வில்லிவாக்கம் மொட்டை மாடியில், வியட்நாமில் சிறையில் இருக்கும் ச்சாங்குக்காக 61 வாழ்த்து அட்டைகள் எழுதி முடித்தோம். பதினைந்து பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன். முப்பத்தெட்டுப் பேர் வந்தீர்கள். பாயில் இடம் போதாமல் தண்ணீர்த் தொட்டி ஓரம் வரைக்கும் உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டை வைத்து எழுதினீர்கள். அன்றைக்கு ஒவ்வொருவரிடமும் நின்று நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வர முடியாதவர்களுக்காக விஷயத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஃபாம் டுவான் ச்சாங் வியட்நாம் பத்திரிகையாளர். 1978இல் ஹனோயில் பிறந்தவர். 2020 அக்டோபர் 6 இரவு ஹோ சி மின் நகரில் கைதானார். அமெரிக்காவும் வியட்நாமும் மனித உரிமை பற்றிய ஆண்டுப் பேச்சுவார்த்தையை முடித்துச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் வக்கீலையும் பார்க்க விடவில்லை, குடும்பத்தையும் பார்க்க விடவில்லை. 2021 டிசம்பர் 14 அன்று ஒரே நாளில் விசாரணை முடிந்தது. அரசுத் தரப்பு ஏழு முதல் எட்டு ஆண்டு கேட்டது. நீதிமன்றம் ஒன்பது ஆண்டு கொடுத்தது. கேட்டதற்கும் மேலே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

'அரசுக்கு எதிரான பிரசாரம்' என்பது குற்றச்சாட்டு. சான்றாகக் காட்டியவற்றில் ஒன்று, 2016இல் நடு வியட்நாம் கடற்கரையில் ஃபார்மோசா இரும்பாலையின் கழிவால் மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பற்றிய அறிக்கை. அந்த ஆலையே தவறை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் இழப்பீடு கொடுத்த விவகாரம் அது. அதை எழுதியவர் உள்ளே இருக்கிறார்.

முதல் நன்றி, அவரைச் சரியாகக் கூப்பிடக் கற்றுக்கொடுத்த ஹனோய்த் தோழிக்கு. நான் பத்து நாளாக 'டிராங், டிராங்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "ஹனோய்க்காரர்கள் நாக்கில் அது ச்சாங்" என்று திருத்தினார். எங்கள் ஊரில் பெயரின் கடைசிச் சொல்லை வைத்துத்தான் கூப்பிடுவோம், குடும்பப் பெயரை முன்னால் போட்டுக் கூப்பிட்டால் அவருக்கே யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும் என்றும் சொன்னார். 61 அட்டையிலும் போட வேண்டிய ஒரு வரி வாழ்த்தை வியட்நாம் மொழியில் எழுதி, புள்ளியும் கொக்கியும் எங்கே வர வேண்டும் என்று படம் எடுத்து அனுப்பினார். கடைசியில், "என் பெயரை எங்கும் போட்டுவிடாதீர்கள், அம்மா ஹனோயில் தனியாக இருக்கிறார்" என்றார். போடவில்லை, தோழி. உங்கள் பெயரைச் சொல்லாமல் நன்றி சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ச்சாங் 2019இல், தன் 41ஆம் பிறந்தநாளில், ஒருவேளை சிறைக்குப் போக நேர்ந்தால் வெளியிடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். கைதான பின் அது வெளியே வந்தது. அதன் ஆங்கில வடிவத்தை ஒரே இரவில் தமிழாக்கிய கல்லூரி மாணவிக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தனக்கு மட்டும் கிடைக்கிற விடுதலை தனக்கு வேண்டாம், அது எளிது, தன் நாட்டுக்கே அது வேண்டும் என்கிற பொருளில் ஓர் இடம் வருகிறது. அங்கே அந்தப் பெண் முதலில் 'சுதந்திரம்' என்று போட்டிருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எனக்கு ஒரு செய்தி: "'விடுதலை'ன்னு மாத்திட்டேன். ஜெயில்ல இருந்து வெளிய வர்றதும் அதுதான், நாடு அடையறதும் அதுதான்." மாடியில் அந்த வரியை வாசித்தபோது யாரும் பேசவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் இடம் தருவதாகச் சொன்ன மண்டபத்துக்காரர் இரண்டு நாள் முன்னால் கையை விரித்துவிட்டார். "போலீஸ் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றிரவே, "நம்ம மாடி சும்மாத்தானே கிடக்குது, வாங்க" என்று சாவியைக் கையில் கொடுத்த ஐயாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பந்தல் கட்டிக் கொடுத்த தம்பிகளுக்கும், டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த அக்கா. ச்சாங் எழுதிய புத்தகங்களில் ஒன்று, சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கான கையேடு. வியட்நாம் மொழியில் அதன் தலைப்பிலேயே சிறையாளியை 'ஊட்டி வளர்ப்பது' என்கிற பொருளில் ஒரு சொல் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அந்த அக்கா எழுந்தார். சிறையில் இருந்த தன் தம்பியைப் பார்க்க இரண்டு வருஷம் 'மனு' போட்டுப் போனதைச் சொன்னார். காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்பது, கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டை உடைத்துப் பார்ப்பது, இது உள்ளே போகும், அது போகாது என்று ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விதமாகச் சொல்வது. "அப்ப இப்படி ஒரு புத்தகம் என் கையில இருந்திருந்தா..." என்று பாதியில் நிறுத்திவிட்டார். 2022 அக்டோபரில் ச்சாங்கைத் தெற்கே, பின்-யுவாங் மாகாணத்தில் உள்ள ஆன் ஃபுவொக் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஹனோயில் இருக்கும் வயதான தாய், சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கும் மேல் போனால்தான் மகளைப் பார்க்கலாம். அக்கா தன் அட்டையை அந்தத் தாய்க்கு எழுதினார். அதில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. அக்கா, அன்று எழுந்து பேசியதற்கு நன்றி.

நம் கை எட்டாத இடத்தில் இருக்கும் சிலருக்கும் இந்த மடலில் நன்றி சொல்ல வேண்டும். 2015இல் ஹனோயில் மரங்களை வெட்டுவதை எதிர்த்து நடந்த போராட்டத்தைப் போலீஸ் கலைத்தபோது ச்சாங்கின் காலில் பட்ட அடி பிறகு சரியாகவே இல்லை, அவர் தாங்கித் தாங்கித்தான் நடப்பார். அந்தக் காலோடு, கைதாவதற்கு முன் சில ஆண்டுகள் வீடு மாறி வீடு மாறி ஒளிந்து வாழ்ந்தார். அவர் நண்பர்களோடு சேர்ந்து 2019இல் தொடங்கிய, 'சுதந்திரப் பதிப்பகம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட பதிப்பகத்துக்கு உரிமம் கிடையாது. புத்தகங்கள் கைமாறி, வண்டியில்தான் போயின. வாங்கியவர்களைத் தேடித் தேடிப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. அப்படியும் வாங்கினார்கள். அப்படியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவருக்குக் கதவு திறந்துவிட்டவர்கள், சோறு போட்டவர்கள், பார்சலைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஓட்டிப் போனவர்கள் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. தெரியாமலே நன்றி சொல்கிறேன். வழக்காடிய வக்கீல்களில் ஒருவரான டாங் டின் மான் இந்த ஆண்டு நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாகிவிட்டது. அவருக்கும் நன்றி.

இனி நடக்க வேண்டியது. 61இல் பாதியைச் சிறை முகவரிக்கும், மீதியை டெல்லியில் உள்ள வியட்நாம் தூதரகத்துக்கு நம் மனுவோடும் அனுப்புகிறேன். உறைகள் தயார். தபால்தலைக்குச் சேர்ந்த பணத்தில் மிச்சம் 340 ரூபாய், அது அடுத்த முறைக்கு.

நான்காம் வகுப்புப் பாப்பா ஒருத்தி, ச்சாங் கிட்டார் வைத்திருக்கும் படத்தைப் பார்த்து வரைந்த அட்டையை மட்டும் இன்னும் உறையில் போடவில்லை. கிட்டாரில் ஐந்து கம்பிதான் போட்டிருக்கிறேன், ஆறாவதைப் போட்டுத் தருகிறேன் என்று நேற்று அவள் அம்மா கையில் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நாளை சாயங்காலம் வருகிறாள். வந்ததும் அதையும் சேர்த்து ஒட்டிவிட்டு, வியாழக்கிழமை தபால் நிலையம் போகிறேன்.

மாடியில் ஒரு நீலக் குடையும், மூடி மட்டும் தனியாக ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவும் இருக்கின்றன. விட்டுப்போனவர்கள் ஐயாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
அட்டைகளைத் தபாலில் சேர்க்கப் போகிறவன்